ஏற்காட்டு வீட்டில் ஒரு கிட்டார்: எங்கிருந்து தொடங்குவது, நாள்தோறும் எப்படிப் பயில்வது?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இப்படி அமைகிறது. உங்களுக்கு வயது 32. வீடு ஏற்காட்டில், வேலை சேலத்தில். தினமும் பேருந்தில் மலை இறங்கி மலை ஏறுகிறீர்கள். தாய்மாமா வீட்டுப் பரணில் பல ஆண்டுகள் கிடந்த ஸ்டீல் தந்தி கிட்டார் ஒன்று உங்கள் கைக்கு வந்திருக்கிறது. மூன்று மாதமாகக் காணொளிகளைப் பார்த்துத் தனியாக முயன்றதில் விரல்நுனி வலியும், எவ்வளவு அழுத்தினாலும் ஒலிக்காத எஃப் கார்டும்தான் மிச்சம் (பல தந்திகளை ஒருசேர ஒலிக்கவைக்கும் ஸ்வரக்கூட்டே கார்டு). நாளொன்றுக்கு அரைமணி நேரம் ஒதுக்க முடியும். அதை எப்படிப் பங்கிடுவது, ஆசிரியர் வேண்டுமா, இந்த வயதில் இது கைக்கு வருமா என்று கேட்கிறீர்கள்.

வயதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அம்மாபேட்டையில் என் வீட்டு மாடியில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கிட்டார் சொல்லிக்கொடுத்து வருகிறேன். ஐம்பது கடந்து தொடங்கியவர்களும் ஓராண்டில் ஒரு பாடலை முழுமையாக வாசித்துப் பாடியிருக்கிறார்கள். பாதியில் விட்டவர்களை எண்ணிப் பார்த்தால் அவர்களில் பெரும்பாலோர் இரண்டு காரணங்களால்தான் விட்டார்கள். ஒன்று, கருவி சரியில்லாததைத் தம் விரலின் குறையாக எண்ணிக்கொண்டது. மற்றொன்று, கார்டுகளைக் கற்றார்களே தவிர, ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதைத் தனியாகப் பயிலாமல் போனது. உங்கள் கடிதத்தில் இரண்டுமே தெரிகின்றன. ஆகவே பயிற்சி அட்டவணைக்கு முன் கருவியைப் பார்ப்போம்.

ஒரு ஸ்டீல் ஸ்கேலை எடுத்துக்கொள்ளுங்கள். கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃப்ரெட்டுகளில் பன்னிரண்டாவதன் மேல்விளிம்பிலிருந்து ஆறாவது தந்தியின், அதாவது மிகத் தடித்த தந்தியின், அடிப்பகுதி வரை எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று அளந்து பாருங்கள். ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. மெல்லிய முதல் தந்திக்கு 2 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருந்தால் போதும். இந்த இடைவெளியைத்தான் ஆக்‌ஷன் என்கிறோம். பரணில் கிடந்த பழைய கருவிகளில் இது 4 மில்லிமீட்டரைத் தொடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த உயரத்தில் எவர் வாசித்தாலும் விரல் வலிக்கும். நான் முதன்முதலில் வாங்கிய கிட்டாரும் அப்படித்தான் இருந்தது. விற்ற கடைக்காரர் ‘பழகப் பழகச் சரியாகிவிடும்’ என்று சொல்லி அனுப்பினார், நானும் ஓராண்டு விரல் வீங்க வீங்கப் பழகினேன். பிறகு விவரம் தெரிந்த ஒருவர் பதினைந்து நிமிடத்தில் சாடிலைத் தேய்த்துக் கொடுத்தபோது, அந்த ஓராண்டை நினைத்து வந்த கோபம் இன்னும் முழுதாகத் தணியவில்லை.

சாடில் என்பது பிரிட்ஜின், அதாவது முகப்பலகையில் ஒட்டிய, தந்தி கட்டும் மரத்துண்டின், மேல் தந்திகளைத் தாங்கி நிற்கும் சிறு வெள்ளைத் துண்டு. அதன் அடிப்பகுதியைச் சமமான உப்புத்தாளில் தேய்த்து உயரத்தைக் குறைக்கலாம். பன்னிரண்டாவது ஃப்ரெட் தந்தியின் சரிபாதியில் அமைந்திருப்பதால், அங்கே 1 மில்லிமீட்டர் குறைய வேண்டுமானால் சாடிலில் 2 மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். கோணலாகத் தேய்த்தால் ஒலி கெடும் என்பதால், முதல்முறை இதை நகரில் கிட்டார் பழுது பார்ப்பவர் ஒருவரிடம் கொடுத்துச் செய்துகொள்வதே நல்லது. கழுத்தின் மறுமுனையில் தந்திகள் ஏறி இறங்கும் நட்டையும் அவர் பார்க்கட்டும். நீங்களே சோதிக்க ஒரு வழி உண்டு: ஒரு தந்தியை மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்தால், முதல் ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் நடுவே மயிரிழை அளவே இடைவெளி இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால், எஃப் கார்டு உங்களுக்கு வராததற்குப் பாதிக் காரணம் அங்கேயே இருக்கிறது. கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராட் என்னும் இரும்புக் கம்பியைத் திருகினால் ஆக்‌ஷன் இறங்கிவிடும் என்று சில காணொளிகளில் சொல்வார்கள். அது கழுத்தின் வளைவைச் சரிசெய்வதற்கானது. தெரியாமல் கைவைக்க வேண்டாம்.

பிரிட்ஜுக்குப் பின்னால் முகப்பலகை புடைத்திருக்கிறதா, பிரிட்ஜின் பின்விளிம்புக்கு அடியில் ஒரு தாள் நுழைகிறதா என்றும் பாருங்கள். நுழைந்தால் பசை விட்டுப்போகிறது என்று பொருள். அதை ஒட்டவைக்காமல் புதுத் தந்தி கட்டக் கூடாது. வழக்கமான 12 அளவு (மிக மெல்லிய தந்தியின் தடிமன் 0.012 அங்குலம்) ஸ்டீல் தந்திகள் ஆறும் சேர்ந்து அந்தப் பலகையை ஏறத்தாழ 70 கிலோ விசையுடன் இழுத்துக்கொண்டிருக்கின்றன. தொடங்குபவருக்கு நான் பரிந்துரைப்பது 10 அளவுத் தந்திகள். இழுவிசை பத்துக் கிலோ அளவுக்குக் குறையும், விரலும் பிழைக்கும். ஒலியின் கனம் கொஞ்சம் குறைவதை இப்போதைக்குப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஒருவேளை அது நைலான் தந்திக்கென்று செய்யப்பட்ட, அகலக் கழுத்துக் கிட்டாராக இருந்தால், யார் சொன்னாலும் அதில் ஸ்டீல் தந்தி கட்டாதீர்கள். நைலான் தந்திகளின் இழுவிசை ஏறத்தாழ அதில் பாதிதான். அந்தக் கருவியின் உடல் அதற்கேற்ற மெல்லிய கட்டுமானம் கொண்டது.

நீங்கள் ஏற்காட்டில் இருப்பதால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கிட்டாரின் மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி உப்பும், வறட்சியில் சுருங்கும். காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருந்தால் அதற்கு உகந்தது. உங்கள் ஊரில் மழைக்காலத்து மூடுபனி சன்னல் வழியே வீட்டுக்குள் வந்துபோகும். அந்த மாதங்களில் முகப்பலகை உப்பி, ஆக்‌ஷன் தானாகவே சற்று ஏறிவிடும். கீழே சேலத்தில் சித்திரை வெயிலில் நேர்மாறாக, மரம் சுருங்கி ஃப்ரெட்டின் முனைகள் கழுத்தின் ஓரத்தில் கையைக் கீறும். மழைக்காலத்தில் பெட்டிக்குள் இரண்டு மூன்று சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு மூடி வையுங்கள். வாசிக்காத நேரத்தில் கிட்டார் சுவரில் தொங்க வேண்டாம், பெட்டிக்குள் இருக்கட்டும். ஏற்காட்டின் வெளிச்சுவர்கள் மழைக்காலத்தில் எப்படி ஓதம் காக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

கருவியைச் சேலத்துக்குக் கொண்டுபோய் வருவதாக இருந்தால் இன்னொரு விளைவையும் எதிர்பார்க்க வேண்டும். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம் சுருதியை ஒன்றும் செய்யாது, ஆனால் வெப்பநிலை மாற்றம் செய்யும். கீழே வெயிலில் சுருதி சேர்த்த கிட்டாரை மலைக்குக் கொண்டுவந்தால், குளிரில் தந்தி சுருங்கிச் சுருதி ஏறும். ஆகவே வந்தவுடன் பெட்டியைத் திறக்காமல் அரைமணி நேரம் வைத்திருந்து, பிறகு எடுத்துச் சுருதி சேருங்கள். அடிவாரத்தில் மூடிய காருக்குள் மட்டும் கிட்டாரை விட்டுவிட்டுப் போகாதீர்கள். கோடையில் உள்ளே வெப்பம் 60 டிகிரியை எட்டக்கூடும். அந்தச் சூட்டில் பசை இளகும். என் இரண்டாவது கிட்டாரின் பிரிட்ஜ் அப்படித்தான் ஒரு பங்குனி மாதத்து நண்பகலில் பெயர்ந்தது. (ஓர் உபரிச் செய்தி: உலகெங்கும் கிட்டார்களின் முதுகுப்பலகைக்கும் விரல்பலகைக்கும் பெயர்பெற்ற ஈட்டி மரம், அதாவது தோதகத்தி, நம் தென்னிந்திய மலைக்காடுகளில் வளர்வதுதான். உங்கள் மாமாவின் கிட்டாரில் அது இருக்கிறதா என்று விரல்பலகையின் கருஞ்சிவப்பைப் பார்த்து ஊகிக்க முயலலாம். சாயம் பூசிய மலிவு மரமாகவும் இருக்கலாம்.)

இனிச் சுருதி. தடித்த தந்தியிலிருந்து மெல்லியதுவரை இ, ஏ, டி, ஜி, பி, இ என்பது வழக்கமான அமைப்பு. தலைப்பகுதியில் கவ்வி நிற்கும் சிறிய டியூனர் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். கைபேசிச் செயலியும் போதும், ஆனால் பக்கத்து அறையில் தொலைக்காட்சி ஓடினால் அது தடுமாறும். ஐந்தாவது தந்தி 110 ஹெர்ட்ஸில் நின்றால் சரி. அதன்பின் வாரத்தில் ஒருநாளாவது காதால் சேர்க்க முயலுங்கள். ஒரு தந்தியின் ஐந்தாவது ஃப்ரெட்டில் அழுத்திக் கிடைக்கும் ஒலியும் அடுத்த மெல்லிய தந்தியை அழுத்தாமல் மீட்டினால் வரும் ஒலியும் ஒன்றாக வேண்டும்; மூன்றாவது தந்தியிலிருந்து இரண்டாவதைச் சேர்க்கும்போது மட்டும் நான்காவது ஃப்ரெட். இரண்டு ஒலிகளும் நெருங்கும்போது அவற்றுக்கிடையே ஓர் அதிர்வு வேகமாகத் துடித்து, மெதுவாகி, பிறகு அடங்கும். அது அடங்குவதைக் கேட்கப் பழகிய காது பின்னால் எல்லாவற்றுக்கும் உதவும்.

இடக்கை விஷயத்தில் மூன்றே செய்திகள். விரல்நகத்தை ஒட்ட வெட்டுங்கள். விரலை இரண்டு ஃப்ரெட்டுகளின் நடுவில் வைக்காமல், ஒலி வேண்டிய ஃப்ரெட்டை ஒட்டினாற்போல் அதன் பின்னால் வையுங்கள். அங்கே பாதி விசை போதும். மூன்றாவதைச் சோதனையாகவே செய்துபாருங்கள்: தந்தியின் மேல் விரலைத் தொட்டபடி மட்டும் வைத்து வலக்கையால் திரும்பத் திரும்ப மீட்டிக்கொண்டே, அழுத்தத்தைச் சிறுகச் சிறுகக் கூட்டுங்கள். ஒலி தெளியும் அந்தக் கணத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் நீங்கள் இதுவரை கொடுத்துவந்த விசையெல்லாம் வீண். விரல்நுனி வலி இரண்டு முதல் நான்கு வாரங்களில் தோல் தடித்து அடங்கிவிடும். குளித்தவுடனும் பாத்திரம் துலக்கியவுடனும் தோல் ஊறியிருக்கும்போது வாசிக்க வேண்டாம். மணிக்கட்டிலோ கட்டைவிரலின் அடியிலோ வலியும் மரத்துப்போதலும் வந்தால் அது வேறு. உடனே நிறுத்திவிட்டு உட்காரும் முறையையும் கழுத்தைப் பிடிக்கும் முறையையும் மாற்ற வேண்டும்.

கார்டு மாற்றத்துக்கு வருகிறேன். நான் அதிகம் சொல்ல விரும்புவது இதைப் பற்றித்தான். கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும் வேலை பார்த்த ஒருவர் என்னிடம் சில ஆண்டுகளுக்கு முன் கற்க வந்தார். சூடும் கம்பியும் பட்டுப் பட்டு அவர் விரல்நுனிகள் ஏற்கெனவே காய்த்திருந்தன. முதல் நாளே வலியின்றி எல்லாக் கார்டுகளும் தெளிவாக ஒலித்தன. அப்படியும் ஒரு பாடலின் இரண்டு வரியை வாசிக்க அவருக்கு மற்றவர்களைப் போலவே ஆறு வாரம் பிடித்தது. காரணம், ஒரு கார்டை அழுத்திப் பிடிப்பது விரலின் வேலை. ஒரு கார்டை விட்டு அடுத்ததைத் தாளம் தவறாமல் பிடிப்பது மனமும் விரலும் சேர்ந்து கற்க வேண்டிய வேறொரு வேலை. புத்தகங்களும் காணொளிகளும் கார்டுப் படங்களை வரிசையாகக் காட்டுகின்றன. இரண்டு படங்களுக்கு நடுவே விரல் போகும் வழியைக் காட்டுவதில்லை.

அந்த வழியை ஒட்டியே கார்டுகளை வரிசைப்படுத்துங்கள். முதலில் இ மேஜர். அதே விரல் அமைப்பைக் கலைக்காமல் அப்படியே ஒரு தந்தி கீழே, மெல்லிய தந்திகளின் பக்கமாக நகர்த்தினால் ஏ மைனர். ஏ மைனரில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இருந்த இடத்திலேயே இருக்க, மோதிரவிரல் மட்டும் மூன்றாவது தந்தியை விட்டு ஐந்தாவது தந்தியின் மூன்றாவது ஃப்ரெட்டுக்குப் போனால் சி. சி-யில் ஆள்காட்டி விரலை அசைக்காமல், மற்ற இரண்டு விரல்களையும் ஒரு தந்தி கீழே நகர்த்தி மெல்லிய நான்கு தந்திகளை மட்டும் மீட்டினால் எஃப் மேஜர் ஏழு. நீங்கள் தேடும் எஃப்-இன் இளைய சகோதரி. இந்த நான்கிலும் அடுத்தடுத்து வரும் எந்த இரண்டுக்கும் நடுவே ஏதாவது ஒரு விரலோ முழு வடிவமோ மாறாமல் நிற்கிறது. கையை ஒட்டுமொத்தமாகத் தூக்கிவிட்டு ஒவ்வொரு விரலாக இறக்கும் பழக்கம், இந்த வரிசையில் பயின்றால் தொடக்கத்திலேயே விட்டுப்போகும். ஜி, டி, டி மைனர், இ மைனர் ஆகியவற்றை இவை நிலைத்த பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

பயிலும் முறை எளிது. இரண்டு கார்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு நிமிடத்துக்குக் கடிகாரத்தை வைத்து, எத்தனை முறை மாற முடிகிறது என்று எண்ணுங்கள். முதல் நாள் பத்து வரலாம். முப்பது வந்தால் மெதுவான பாடலுக்குப் போதும். அறுபது வந்தால் அந்த இணையை மறந்துவிடலாம், அது கையில் தங்கிவிட்டது. எண்ணிக்கையை ஒரு நோட்டில் தேதியுடன் எழுதி வாருங்கள். நாளுக்கு நாள் முன்னேற்றம் தெரியாதபோது, மூன்று வாரத்துக்கு முந்தைய பக்கத்தைப் புரட்டினால் தெரியும். எண்ணிக்கைக்காக அவசரப்பட்டு அரைகுறையாக ஒலிக்கும் கார்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். என் மாணவர்களில் இந்தத் தவறைச் செய்பவர்கள் பெரும்பாலும் படிப்பில் முதல் மதிப்பெண் வாங்குபவர்கள்.

வலக்கைக்கு நாம் வெளியே எங்கும் போக வேண்டாம். நம் தாள மரபே போதும். தந்திகளை ஒருசேர வருடி மீட்டும் ஸ்ட்ரம்மிங்கில் கை ஊஞ்சல்போல மேலும் கீழும் ஓய்வின்றி ஆடிக்கொண்டிருக்க வேண்டும்; எந்த அசைவில் தந்தியைத் தொடுகிறது, எந்த அசைவில் தொடாமல் போகிறது என்பதில்தான் நடை பிறக்கிறது. ‘தகதிமி தகஜுனு’ என்று எட்டு அட்சரமாகச் சொல்லுங்கள். த, தி, த, ஜு நான்கிலும் கை கீழே இறங்கட்டும்; க, மி, க, னு நான்கிலும் மேலே ஏறட்டும். எட்டையும் மீட்டி இது பழகியவுடன், முதல் ‘க’-விலும் இரண்டாவது ‘த’-விலும் மட்டும் கையை அசைத்தபடி தந்தியைத் தொடாமல் விடுங்கள். எண்ணற்ற பாடல்களுக்குப் பொருந்தும் ஸ்ட்ரம்மிங் அதுவே. மும்மூன்றாக நடக்கும் பாடல்களுக்குத் ‘தகிட தகிட’. சொற்கட்டை வாயால் சொல்ல முடியாத நடையைக் கையால் வாசிக்க முடியாது என்பது என் துணிபு. வகுப்பில் கிட்டாரை மடியில் கிடத்திவிட்டு வாயால் சொல்லவைத்துத்தான் தொடங்குவேன்.

இதில் உங்களுக்கு ஒரு வாய்ப்பும் இருக்கிறது. ஏற்காட்டுச் சாலையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தினமும் இருமுறை கடக்கிறீர்கள். அந்தப் பயணத்தில் கிட்டார் தேவையில்லை. காலால் மெல்லத் தாளம் தட்டிக்கொண்டு மனத்துக்குள் சொற்கட்டைச் சொல்லுங்கள். ஒரு வளைவிலிருந்து அடுத்த வளைவுவரை வேகம் மாறாமல் நிறுத்தப் பாருங்கள். ஓட்டுநர் வளைவில் ஹாரன் அடிக்கும்போதும், பேருந்து கியர் மாற்றித் திணறும்போதும் உங்கள் தாளம் கலையாமல் இருந்தால், பாடலில் கார்டு மாறும் இடத்திலும் கலையாது. சீரான வேகத்தில் தட்டிக்காட்டும் மெட்ரோனோம் வைத்துப் பயில்வதைவிட இது கடினம் என்றே நினைக்கிறேன்.

இனி உங்கள் அரைமணி நேரம். அதை ஒரே மூச்சில் இரவில் செலவிடாமல், காலையில் பேருந்துக்குக் கிளம்பும் முன் பத்து நிமிடம், இரவில் இருபது நிமிடம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். இடைவெளி விட்டுப் பயின்றது கையில் நன்றாகத் தங்கும். காலைப் பத்து நிமிடத்தில் சுருதி சேர்த்தல், ஒரு நிமிடம் விரலைத் தளர்த்துதல், பிறகு அந்த வாரத்துக்கான ஒரே ஓர் இணைக் கார்டு மாற்றம். அதைத் தவிர வேறொன்றும் வேண்டாம். மார்கழியிலும் தையிலும் உங்கள் ஊர்க் குளிரில் காலையில் விரல் மடங்காது. ஒரு டம்ளர் காப்பியைக் கையில் பிடித்துக் குடித்து முடித்தபின் எடுங்கள்.

இரவின் இருபது நிமிடத்தில் முதல் ஐந்தைச் ஸ்வரங்களுக்குக் கொடுங்கள். வீணையில் ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு மெட்டு என்றால், கிட்டாரிலும் ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு ஃப்ரெட்டுதான், பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்கள். சி மேஜர் ஸ்கேல் என்று புத்தகத்தில் இருப்பது நம் சங்கராபரணம். ஐந்தாவது தந்தி மூன்றாவது ஃப்ரெட்டில் ச. நான்காவது தந்தியை அழுத்தாமல் மீட்டினால் ரி, அதிலேயே இரண்டாவது ஃப்ரெட் க, மூன்றாவது ஃப்ரெட் ம. மூன்றாவது தந்தி அழுத்தாமல் ப, இரண்டாவது ஃப்ரெட்டில் த. இரண்டாவது தந்தி அழுத்தாமல் நி, முதல் ஃப்ரெட்டில் மேல் ச. முதல் ஃப்ரெட்டுக்கு ஆள்காட்டி விரல், இரண்டாவதற்கு நடுவிரல், மூன்றாவதற்கு மோதிரவிரல் என்று ஒழுங்கு வைத்துக்கொண்டு, சரளி வரிசையை மூன்று காலத்திலும் வாசிக்கலாம். வாயால் பாடிக்கொண்டே வாசியுங்கள். மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்துத் தொடங்கி, மூன்று முறை பிசிறில்லாமல் வந்தால் 64-க்குப் போங்கள். ஒருமுறை தடுக்கினாலும் பழைய வேகத்துக்கே திரும்புங்கள். விருப்பமிருந்தால் ஒரே தந்தியில் மாயாமாளவகௌளையையும் முயலலாம்: அழுத்தாமல் ஒன்று, பிறகு 1, 4, 5, 7, 8, 11, 12 ஆகிய ஃப்ரெட்டுகள். கமகமெல்லாம் இப்போது வேண்டாம். பிரசன்னா போன்றோர் கிட்டாரில் கர்நாடக சங்கீதக் கச்சேரியே செய்கிறார்கள், ஆனால் அது பல ஆண்டுச் சாதகம்.

அடுத்த ஐந்து நிமிடம் ஸ்ட்ரம்மிங்குக்கு. இடக்கையை ஒரே கார்டில் வைத்துக்கொண்டு வலக்கையை மட்டும் கவனியுங்கள். எஞ்சிய பத்து நிமிடம் முழுவதும் ஒரு பாடல். பாடல் இல்லாத பயிற்சி இரண்டு வாரத்துக்கு மேல் நிலைப்பதை நான் பார்த்ததில்லை. மூன்று அல்லது நான்கு கார்டுகளுக்குள் அடங்கும் பாடலாகத் தேர்ந்தெடுங்கள். தேவாலயப் பாடல்களும் நாட்டுப்புற மெட்டுகளும் இதற்கு நன்றாகப் பொருந்தும். திரைப்பாடலின் தொடக்கத்தில் வரும் கிட்டார் இசையை அப்படியே வாசிக்க வேண்டும் என்று பலரும் வருகிறார்கள். 1976-இல் இசையமைப்பாளர் ஆவதற்கு முன்பே ஒலிப்பதிவுகளில் கிட்டார் வாசித்துவந்த இளையராஜாவின் பாடல்களில் கிட்டாருக்கு எழுதப்பட்டிருப்பவை எளியவை அல்ல. தேர்ந்த கலைஞர்கள் வாசித்தவை. முதல் ஆண்டில் பாடலின் கார்டுகளைத் தாளத்தோடு வாசித்து நீங்களே பாடுவதையே குறியாக வையுங்கள்.

அப்படிப் பாடும்போது, இணையத்தில் கிடைக்கும் கார்டுகள் உங்கள் குரலுக்கு ஒத்துவராமல் போகலாம். அதற்கு, பாடுபவரின் சுருதியைச் சொல்லும் கட்டைக் கணக்கும், கழுத்தில் எல்லாத் தந்திகளையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வியான கேப்போவும் போதும். ஒரு கட்டை என்பது சி, இரண்டு கட்டை டி, ஐந்து கட்டை ஜி. இரண்டு கட்டையில் பாடுபவர், கேப்போவை இரண்டாவது ஃப்ரெட்டில் மாட்டிவிட்டு, தாம் அறிந்த சி வடிவக் கார்டுகளையே வாசிக்கலாம். ஐந்து கட்டையில் பாடும் பெண்களுக்கு ஜி, சி, டி கார்டுகள் கேப்போ இல்லாமலே பொருந்தும். ஐந்தரைக்கு முதல் ஃப்ரெட்டில் கேப்போ. பாட்டு நன்றாக வராததற்குக் குரலைக் குறைசொல்வதற்கு முன் இதைச் செய்துபாருங்கள்.

வாரத்தில் ஒருநாள், ஞாயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள், பயிற்சி எதுவும் செய்யாமல் வாசித்த பாடலைக் கைபேசியில் பதிவு செய்து கேளுங்கள். வாசிக்கும்போது கேட்காத தடுமாற்றமெல்லாம் அதில் கேட்கும். அடுத்த வாரத்துக்கான இணைக் கார்டை அந்தப் பதிவே சொல்லிவிடும்: எங்கே தாளம் நின்று பிறகு தொடர்கிறதோ, அந்த மாற்றம்தான். வேலை அதிகமாகி ஒருநாள் தவறினால், மறுநாள் இரட்டிப்பாகப் பயில முயல வேண்டாம். விரல் வீங்கி மூன்றாம் நாளும் தவறும். முடியாத இரவுகளில் பெட்டியைத் திறந்து சுருதி மட்டும் சேர்த்து வைத்தாலும் நன்று.

ஆசிரியர் வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வாராவாரம் இயலாவிட்டாலும், முதல் நான்கு வகுப்பாவது நேரில் யாரிடமாவது போங்கள்; சேலத்தில் வகுப்புகளுக்குக் குறைவில்லை, அலுவலகம் முடிந்து கடைசிப் பேருந்துக்கு முன் ஒரு மணி நேரம் கிடைத்தால் போதும். மணிக்கட்டு வளைவதையும் தோள் தூக்கியிருப்பதையும் காணொளி உங்களுக்குச் சொல்லாது. லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் மேற்கத்திய இசைத் தேர்வுகளை எழுத வேண்டுமா என்பது வேறு கேள்வி. மேற்கத்திய இசைக்குறிகளைப் படிக்கும் ஆர்வம் இருந்தால் பயனுண்டு, பாடிக்கொண்டு வாசிப்பதே விருப்பம் என்றால் அவசியமில்லை. காணொளியைத்தான் நம்புவதென்றால், ஒரே ஒருவரின் தொடரை முதல் பாடத்திலிருந்து பின்பற்றுங்கள். பத்துப் பேரின் முதல் பாடத்தைப் பத்து முறை பார்ப்பதால் முதல் பாடம்தான் தெரியும்.

கடைசியாக எஃப். ஆள்காட்டி விரலை ஆறு தந்திகளின் மேலும் குறுக்கே கிடத்தும் அந்தக் கார்டு, கழுத்திலேயே மிகக் கடினமான இடத்தில் அமைந்திருக்கிறது. 650 மில்லிமீட்டர் தந்தி நீளமுள்ள கிட்டாரில் முதல் ஃப்ரெட் இடைவெளியின் அகலம் 36 மில்லிமீட்டருக்கு மேல். ஐந்தாவது ஃப்ரெட் இடைவெளியின் அகலம் 29 மட்டுமே. அதோடு முதல் ஃப்ரெட்டில் நட் அருகிலேயே இருப்பதால் தந்தி விறைப்பாக நின்று எதிர்க்கும். ஆகவே அதே வடிவத்தை ஐந்தாவது ஃப்ரெட்டில் பிடித்துப் பழகுங்கள். அங்கே அது ஏ மேஜர். ஆள்காட்டி விரலின் சதைப்பக்கத்தால் அழுத்தாமல், கட்டைவிரல் பக்கமாகச் சற்றுச் சாய்த்து, எலும்பு தெரியும் ஓரத்தால் அழுத்துங்கள். விரலால் மட்டும் நசுக்காமல் முழங்கையை மெல்லப் பின்னுக்கு இழுத்தால் கையின் எடையே பாதி வேலையைச் செய்யும். ஐந்தாவதில் ஆறு தந்தியும் தெளிந்தால் நான்காவதுக்கு இறங்குங்கள். ஒவ்வொரு ஃப்ரெட்டுக்கும் ஒரு வாரம் கொடுங்கள். அதுவரை பாடல்களில் எஃப் வரும் இடத்தில் எஃப் மேஜர் ஏழை வாசியுங்கள், பிறகு ஆள்காட்டி விரலை மெல்லிய இரண்டு தந்திகளின் மேல் மட்டும் கிடத்தும் சிறிய எஃப். கேட்பவர் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆக்‌ஷனைச் சரிசெய்து, 10 அளவுத் தந்தி கட்டி, மேலே சொன்னபடி நாள்தோறும் பயின்றால், முழு எஃப் ஆறு மாதத்துக்குள் வந்துவிடும். அப்போதும் வரவில்லை என்றால் அந்த நட்டை மறுபடியும் அளந்து பாருங்கள்.